நினைவுக்கோல் தாங்கிய மாப்பிள்ளை

சாட்சி என்பவன் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. என் தொழில் குடை ரிப்பேர். ஆனால் அன்றைக்கு என் உத்தியோகம் சாட்சி. அடுத்த கடையில் மூக்குக்கண்ணாடி விற்கும் தம்பிக்குத் திருமணப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மை தீராத பேனாவாகப் பார்த்துப் பையில் சொருகிக்கொண்டு, அலுவலகம் திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிட்டேன்.

மணப்பெண் பஸ் கண்டக்டர். கடைக்கு மேலேயே வீடு வைத்திருக்கும் ஒரு மனுஷன் தினமும் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தான் என்றால் அதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? முதலில் புரிந்துகொண்டது டிரைவர், பிறகு நான், கடைசியாகத்தான் அந்தப் பெண். புரிந்ததும் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர்தான், அவளுடைய அப்பா.

அவர் எடை அளவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்க உத்தியோகம் இல்லாதவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதும் பாழுங்கிணற்றில் தள்ளுவதும் அவருக்கு ஒன்றுதான். தாயில்லாத பெண்ணைத் தனி ஆளாகத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர். அதனால் அவளும், "அப்பா பக்கத்துல நிக்காம எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று சொல்லிவிட்டாள். பேசிப் பேசி, கடைசியில் அவர் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு நாள் வரேன். அரசாங்கம் பதிஞ்சுக்கிச்சுன்னா நானும் ஒத்துக்கறேன். அரசாங்கமே தள்ளிப்போட்டா, அதுக்கு ஏதோ காரணம் இருக்குன்னு அர்த்தம். அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது."

திருமணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று அலுவலகத்தில் கொடுத்த முன்னறிவிப்புக்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு அன்று மாலை அலுவலகம் மூடும்போது முடிகிறது. முன்பே வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தார்கள். முதல் தடவை வந்தபோது அலுவலகத்தில் அத்தனை பேரும் புன்னகைப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். வாசலில் ஒரு காவலாளி மட்டும் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். இரண்டாம் தடவை நாற்காலிகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து வேலை செய்வது பழைய நாகரிகமாம். நின்றுகொண்டு செய்தால் கோப்புகளும் நிற்காமல் நகருமாம். கோப்புகள் நகர்ந்தனவா என்று எனக்குத் தெரியாது. நாற்காலிகள் நகர்ந்ததை நானே பார்த்தேன்.

ஆக, அன்று அப்பாவும் வந்தார், பெண்ணும் வந்தாள், கண்ணாடிக்காரரும் புதுச் செருப்புக் கடிக்கக் கடிக்க வந்து சேர்ந்தார். வராதது கணினி மட்டும்தான். மேசை மேல்தான் இருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

திருமணப் பிரிவின் எழுத்தர் அதன் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி: 'இதில் இயங்குதளம் இல்லை. இதை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும்.'

"எதை எடுக்கணுமாம்?" என்று கேட்டேன்.

எழுத்தர் கண்ணாலேயே காட்டினார். கணினிப் பெட்டியின் முன்பக்கத்தில், சிவப்பு ரிப்பன் கட்டிய தங்க நிறப் பென்டிரைவ் ஒன்று சொருகியிருந்தது.

"அதைப் புடுங்கிட்டா ஓடுமா?"

"ஓடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு மட்டுமா சார்? இங்க எல்லாருக்கும் தெரியும். முந்தாநாள் கரண்ட் போய் வந்துச்சு. திரும்ப ஆரம்பிக்கிறப்ப அது தன் இயங்குதளத்தைத் தேடும். முதல்ல பென்டிரைவ்ல போய்த் தேடுது. அங்க இயக்குநரோட சொற்பொழிவு மட்டும்தான் இருக்கு. அதோட நின்னுபோகுது."

நின்றதில் தப்பில்லை. இயக்குநரின் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு எழுந்து வேலை பார்த்தவர்கள் மனிதர்களிலேயே யாரும் கிடையாது, பாவம், இயந்திரம் என்ன செய்யும்?

"அப்போ புடுங்குங்களேன்."

எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரைக் காட்டினார். அங்கே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சுற்றறிக்கை மாட்டியிருந்தது. துறையின் மின்மயப் பெருநாளை முன்னிட்டு இயக்குநர் ஒவ்வோர் அலுவலகமாக வந்து, தம் சொற்பொழிவு அடங்கிய பென்டிரைவைத் தம் கையாலேயே ஒவ்வொரு கணினியிலும் செருகி, ரிப்பன் கட்டி, படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அதற்கு அலுவலகப் பெயர் நினைவுக்கோல். அது எடுக்கப்படக் கூடாது என்பது ஆணை. எடுப்பவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது ஆணையின் இரண்டாம் பகுதி.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க சார்," என்றார் எழுத்தர். 

அதற்குள் பதிவாளர் அம்மா வந்தார். நல்ல மனுஷி. புன்னகைப் பயிற்சியில் முதல் வகுப்பில் தேறியவர் என்பதால், எந்தக் கெட்ட செய்தியையும் பல் தெரியச் சொல்வார்.

"வாழ்த்துகள்! இன்னிக்குப் பதிவு கிடையாது."

கண்டக்டர் பெண் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். நெரிசல் நேரத்துப் பஸ்ஸையே அடக்கி ஆள்கிறவள்.

"மேடம், எங்களுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். கையால எழுதிப் பதிஞ்சுடுங்களேன்."

"கையால எழுதற புத்தகத்தையெல்லாம் போன வருஷமே எடைக்குப் போட்டாச்சும்மா. இப்ப இங்க கையெழுத்துப் போடலாம், கையால எழுதக் கூடாது."

"வேற கம்ப்யூட்டர் இல்லையா?"

"இருக்கே. எதிர் அறையில இறப்புப் பிரிவுல ஒண்ணு ஜம்முன்னு ஓடுது. அங்க கரண்ட் போகல."

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. எதிர் அறைக்குப் போனோம். கணினி உண்மையிலேயே ஜம்மென்றுதான் ஓடியது. எழுத்தர் அதில் எட்டிப்பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"இதுல மணமகன்னு இடமே இல்ல. மறைந்தவர்னுதான் இருக்கு. மணநாளுக்குப் பதிலா அடக்க நாள் கேக்குது."

"பரவாயில்லீங்க, அதுலயே போட்டுடுங்க," என்றார் கண்ணாடிக்காரர். காதலித்தவன் எதற்கும் துணிந்தவன்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன போட?"

"கல்யாணம்னு போடுங்க," என்றார் பெண்ணின் அப்பா. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோரும் மறுபடி திருமணப் பிரிவுக்கே வந்து சேர்ந்தோம்.

பழுதுபார்க்கும் பிரிவுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். கணினி ஓடவில்லை என்ற புகாரைக் கணினி வழியாகத்தான் அனுப்ப வேண்டும், அதுவும் ஓடாத கணினியிலிருந்தே அனுப்ப வேண்டும், அப்போதுதான் எது ஓடவில்லை என்று அவர்களுக்குத் தெரியுமாம். பெண்ணின் அப்பா இதைக் கேட்டுத் தலையசைத்தார். "ஒழுங்கான ஏற்பாடு," என்று என் காதில் சொன்னார். மனுஷன் மெல்ல மெல்ல எதிர்க்கட்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாற்ற ஆலோசகர் உள்ளே நுழைந்தார். இப்போது எந்த அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். கணுக்காலுக்கு மேலே நின்றுபோன கால்சட்டை, வெள்ளைக் காலணி, கையில் வண்ண வண்ண ஒட்டுத்தாள் கட்டு. ஊழியர்களை மாற்றுவதற்காக அவரை வைத்திருந்தார்கள். ஊழியர்கள் அப்படியேதான் இருந்தார்கள், ஆலோசகர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு சார்," என்றார் எழுத்தர்.

"அப்படிச் சொல்லக் கூடாது," என்றார் ஆலோசகர். "அது கெடல. தயங்குது. தயக்கம் மாற்றத்தோட முதல் படி. எல்லாரும் வட்டமா நில்லுங்க."

நின்றோம். ஏன் நின்றோம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைக் காலணி போட்டவர் நிற்கச் சொன்னால் ஜனங்கள் நின்றுவிடுகிறார்கள். ஆளுக்கு ஓர் ஒட்டுத்தாள் கொடுத்து, கணினிக்கு நம்பிக்கை தரும் வார்த்தை ஒன்றை எழுதி அதன் மேல் ஒட்டச் சொன்னார். பதிவாளர் அம்மா 'உன்னால் முடியும்' என்று எழுதினார். எழுத்தர் 'தயவுசெய்து' என்று எழுதினார். கண்ணாடிக்காரர் பெண்ணின் பெயரை எழுதி வெட்கப்பட்டுத் தாளைக் கசக்கிவிட்டார். அப்பா எதுவும் எழுதாமல், தேதி மட்டும் போட்டுக் கையெழுத்திட்டார். நான் எழுதியதை இங்கே சொல்ல முடியாது.

"இப்ப எல்லாரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்க. அதோட தயக்கத்தை நாம உள்வாங்கிக்கறோம்."

இழுத்து விட்டோம். கண்ணைத் திறந்து பார்த்தால் திரையில் அதே இரண்டு வரி. 'இதை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும்.' அந்த அறையில் உருப்படியாகப் பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"நல்ல முன்னேற்றம்," என்றார் ஆலோசகர்.

கண்டக்டர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிளம்பலாமா என்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகருங்க, நகருங்க! வழியில நிக்காதீங்க!" என்று எங்களை விலக்கிக்கொண்டு நேரே கணினியிடம் போனாள். "நானே புடுங்கறேன். என்னை எந்த வேலையிலேருந்து தூக்குவாங்கன்னு பாக்கறேன்."

"தொடாதே!" என்று அப்பா கத்திய கத்தலில் எதிர் அறையிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். "அது அரசாங்க ஆணை! அதை மீறி நடக்கற கல்யாணம் செல்லுபடியாகாது. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் ஒத்துக்க மாட்டேன்."

எழுத்தரும் கும்பிட்டார். "அம்மா, நீங்க புடுங்கிட்டுப் போயிடுவீங்க. மெமோ எனக்குத்தான் வரும்."

நீட்டிய கையை அவள் மெதுவாக இறக்கிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பயணச்சீட்டு வாங்காத முரடனையெல்லாம் நடுவழியில் இறக்கிவிடுகிற பெண், விரல் நீளப் பென்டிரைவுக்கு முன்னால் தோற்று நின்றாள்.

"இயக்குநரையே கேட்டுடலாமே," என்றேன் பதிவாளர் அம்மாவிடம்.

எல்லோரும் என்னை வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஆனால் ஆலோசகருக்கு இயக்குநர் தூரத்து உறவாம், தைரியமாகத் தன் கைப்பேசியிலிருந்தே கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். இயக்குநர் நடைமுறைகளை எளிமையாக்குவது பற்றிய மாநாடு ஒன்றில் இருந்தார். அவருக்கு நேர் அடுத்த நிலையில் இருப்பவரிடம் பேச மூன்று பேரைத் தாண்ட வேண்டியிருந்தது. கடைசியில் இயக்குநரே பேசினார்.

"என்னது, எடுக்கறதா? நான் என் கையால சொருகினதையா?"

"இல்ல ஐயா, கணினி எழுந்திருக்க மாட்டேங்குது. உங்க உரையிலேயே நின்னுடுது," என்றார் பதிவாளர் அம்மா, புன்னகை மாறாமல்.

"என் உரையிலயா?" குரல் குழைந்துவிட்டது. "எந்த இடத்துல நிக்குது? அந்த மலை உவமை வர்ற இடமா?"

"தெரியலங்க ஐயா. ஒரு கல்யாணம் காத்துக்கிட்டிருக்கு."

"அதெல்லாம் என்னைக் கேக்காதீங்க. சுற்றறிக்கையில என்ன இருக்கோ, ஒரு எழுத்துப் பிசகாம அதைச் செய்ங்க." மாநாட்டில் கைதட்டல் கேட்டது. போனை வைத்துவிட்டார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போதுதான் பெண்ணின் அப்பா சுவரருகே போனார். ஒரு எழுத்துப் பிசகாமல் என்ற வார்த்தை அவருக்குள் எதையோ தட்டி எழுப்பிவிட்டது போலிருக்கிறது. சுற்றறிக்கைக்கு மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்றார். படிக்க முடியவில்லை. அவருக்குக் கண்ணாடி வேண்டியிருந்து வெகுநாளாகிறது. ஊரில் நல்ல கண்ணாடிக் கடை ஒன்றுதான், அது வேண்டாத மாப்பிள்ளையுடையது என்பதால் குருட்டுப் பிடிவாதமாக இருந்தார்.

கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"போட்டுப் பாருங்கய்யா. உங்களுக்குன்னே பண்ணி வெச்சது. குடுக்கத்தான் தைரியம் வரல."

"வேணாம் தம்பி," என்றார் அவர். பிறகு சுற்றறிக்கையைப் பார்த்தார். கைக்கு எட்டிய அரசாணையைப் படிக்காமல் விட அவரால் முடியுமா? வாங்கி மாட்டிக்கொண்டார். வாய்விட்டுப் படித்தார்.

"'இயக்குநர் அவர்களின் பொற்கரங்களால் செருகப்பெற்ற நினைவுக்கோலானது, அலுவலக நேரத்தில் எக்காரணத்தை முன்னிட்டும் கணினியிலிருந்து அகற்றப்படலாகாது. அகற்றும் அலுவலர் பணியிலிருந்து அகற்றப்படுவார்.'"

இன்னொரு தடவை படித்தார். உதட்டுக்குள்ளேயே மூன்றாம் தடவையும் படித்தார். திரும்பியபோது பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார்.

"கணினியிலிருந்து கோலை அகற்றக் கூடாது. சரி. கோலிலிருந்து கணினியை அகற்றக் கூடாதுன்னு இதுல எங்கயாவது இருக்கா?"

பதிவாளர் அம்மாவின் புன்னகை, பயிற்சியெல்லாம் மறந்து, நிஜமாகவே வந்தது.

"இல்லைங்கய்யா."

"கோல் இருந்த இடத்துல இருக்கட்டும். ஒரு நூல் அசையக் கூடாது. கணினிப் பெட்டியை மட்டும் பின்னால நகர்த்துங்க. பெட்டியை நகர்த்தறதுக்கு ஏதாவது தடை இருக்கா?"

"இல்லைங்க. தினமும் பெருக்கறப்ப நகர்த்தறதுதான்."

"ஐயா நீங்க எந்தத் துறைங்க?" என்றார் எழுத்தர், குரல் தழுதழுக்க.

"எடை அளவு," என்றார் அப்பா.

கோலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அலுவலர்கள் யாரும் பிடிக்கக் கூடாது, கை நடுங்கினால் அகற்றியதாக ஆகிவிடும். பொதுமக்களைச் சுற்றறிக்கை கட்டுப்படுத்தாது. நான் குடைக் கம்பி வளைக்கிறவன், எனக்கு முரட்டுக் கை. கண்ணாடிச் சட்டத்தில் கடுகளவுத் திருகாணி பொருத்துகிற கை ஒன்று அங்கே இருந்தது. கண்ணாடிக்காரர் முழங்கையை இடுப்பில் ஊன்றி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நினைவுக்கோலைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டார்.

பதிவாளர் அம்மா அவர் விரலுக்குப் பக்கத்தில் அடிக்கோலை நிறுத்திப் பிடித்தார். எழுத்தரும் நானும் பெட்டியின் இரண்டு பக்கமும் நின்றோம். ஆலோசகர் கண்ணை மூடி ஆற்றல் அனுப்பினார். அப்பாதான் தலைமை.

"இழுங்க! மெதுவா! கோல் அசையக் கூடாது, பெட்டிதான் வரணும்! தம்பி, மூச்சு விடாதே!"

இழுத்தோம். 'க்ளக்' என்று ஒரு சத்தம். பெட்டி பின்னால் வந்துவிட்டது. கோல், நின்ற இடத்தில், அந்தரத்தில், ரிப்பன் தொங்க நின்றது.

"கோல் நகரவில்லை," என்று பதிவாளர் அம்மா அடிக்கோலைப் பார்த்து முறைப்படி அறிவித்தார்.

எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அடுத்த கேள்வி எழுந்தது. ஏதாவது ஒன்று என்றால் எது, அதற்குப் பொறுப்பு யார் என்று எழுத்தர் தொடங்குவதற்குள் கண்டக்டர் பெண் கையில் அகப்பட்டதை ஓங்கி அழுத்திவிட்டாள். திரை ஒரு கணம் இருண்டது. அப்புறம் கணினி ஒரு சின்ன இசையோடு கண் விழித்தது. எழுத்தர் பதிவாளர் அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, பதவி நினைவு வந்து விலகிக்கொண்டார்.

"சரிங்க, இதை எங்க வைக்கட்டும்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"வைக்கறதா?" பதிவாளர் அம்மா பதறிப்போனார். "வெச்சீங்கன்னா அது அகற்றினதா ஆயிடும். அப்படியே புடிச்சிக்கிட்டிருங்க."

அப்படியே பிடித்துக்கொண்டார். எழுத்தர் விவரங்களைத் தட்டினார். பெண் கையெழுத்துப் போட்டாள். மாப்பிள்ளையின் வலது கை கோலில் இருந்ததால் இடது கையால் போட்டார். மையில் விழுந்து எழுந்த மண்புழு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"இது அவர் கையெழுத்துதானா? யார் சாட்சி?"

"அதுக்குத்தானே மேடம் நான் காலையிலேருந்து நிக்கறேன்," என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன்.

கெடுவுக்குள் கல்யாணம் நடந்துவிட்டது. பெண் அப்பாவின் தோளில் சாய்ந்து விசித்து விசித்து அழுதாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, அந்தரத்தில் கை நீட்டி நின்றவரைப் பார்த்தார்.

"கை வலிக்குதா மாப்பிள்ளை?" என்றார்.

இதோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பதிவாளர் அம்மா முறைப்படி இயக்குநருக்குத் தகவல் சொன்னார். தம் சொற்பொழிவை ஒரு குடிமகன் கையிலேயே ஏந்தி நிற்கிறான் என்று கேட்டதும் இயக்குநர் பூரித்துப்போனாராம். மாநாட்டு மேடையிலேயே அதை அறிவித்துவிட்டார். நான் சாட்சி, சொல்கிறேன்: என் வாழ்நாளில் ஓர் அரசாணை அவ்வளவு வேகமாக வந்து பார்த்ததில்லை. அலுவலகம் மூடுவதற்குள் வந்துவிட்டது. எல்லா அலுவலகங்களிலும் கணினிக்கு ஒருவர் வீதம் நினைவுக்கோல் தாங்குநர் என்ற பணியிடம் உருவாக்கப்படுகிறது. நிரந்தரம். ஓய்வூதியம் உண்டு. ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை.

சுற்றறிக்கையில் அலுவலக நேரத்தில் அகற்றக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. ஆகவே மணி அடித்ததும் கோலை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

வழியெல்லாம் சிரிப்பு. "நான் போய் அந்தக் குச்சியைப் புடிச்சிக்கிட்டு நிக்கறதா! என் கடை என்ன ஆகறது?" என்று கண்ணாடிக்காரர் சிரித்தார். பெண் சிரித்தாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்காமல் நடந்து வந்தார். தெருமுனையில் பிரியும்போது, "நிரந்தரம்னு போட்டிருந்தாங்க இல்ல?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் சிரிப்பதை நிறுத்தினார். மறுநாள், ஒரு மரியாதைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவர், மாலைதான் வந்தார். அதற்கடுத்த வாரம் கடைக்குப் பூட்டு விழுந்தது.

மற்ற அலுவலகங்களுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் ஊரின் நடையே மாறிப்போனது. என் கடைக்கு எதிரில் ஒரு பயிற்சி மையம் திறந்தார்கள். பட்டம் வாங்கிய பிள்ளைகள் வரிசையாக நின்று, கையை நீட்டித் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் இருக்கப் பழகுகிறார்கள். விரல் நடுக்கத்துக்குத் தைலம் விற்கிறார்கள். பஸ்ஸில் யாரும் கம்பியைப் பிடிப்பதில்லை, ஒரு கையை முன்னால் நீட்டியபடியே நிற்கிறார்கள், பிரேக் போட்டால் மொத்தமாக டிரைவர் மேல் விழுகிறார்கள் என்று கண்டக்டர் பெண் என்னிடம் புலம்பினாள். ஆலோசகர் இதற்குப் பாடப்புத்தகம் எழுதிவிட்டார். மூச்சு பற்றி மட்டும் ஐந்து அத்தியாயம்.

சில மாதம் கழித்து அவள் பதிவு அலுவலகத்துக்கு வந்தாள். கணவன் பெயரைப் பஸ் கழகத்து மருத்துவ அட்டையில் சேர்க்கத் திருமணச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் சீருடையோடு ஓடி வந்திருந்தாள். நானும் அன்றைக்கு அங்கேதான் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

தாங்குநர் தமது இடத்தில் இருந்தார். அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி அனுமதித்திருந்தார்கள். முன்னைவிடச் சதை போட்டிருந்தார். மனைவி வந்து நின்றதைப் பார்த்துவிட்டுப் பார்வையைக் கோலுக்குத் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க, அந்தக் கல்யாணச் சான்றிதழை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்களேன். பத்து நிமிஷத்துல நான் வண்டிக்குப் போகணும்."

"டோக்கன் எடுத்தியா?"

"என்னங்க, நான்தான்."

"தெரியுது. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. டோக்கன் எடுத்துட்டு வரிசையில நில்லு. அப்புறம், சான்றிதழ் என் பிரிவு இல்ல. நான் கோல் மட்டும்தான்."

அவள் முகம் சுருங்கிப்போனது. சுற்றும் முற்றும் பார்த்தாள், என்னைக் கண்டுகொண்டாள். "அண்ணே, நீங்களே கேளுங்கண்ணே. எங்க கல்யாணத்துக்கு நீங்கதானே சாட்சி?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கு நெஞ்சு கொதித்தது. அந்த ஆளின் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் என் கையில் விண்ணப்பம் இருந்தது. இவருக்கு நடுக்கம் இல்லை என்று பணியில் உள்ள ஒரு தாங்குநர் அதில் சான்று எழுதித் தர வேண்டும். அன்றுதான் கடைசி நாள்.

"அவர் சொல்றது நியாயம்தானே தங்கச்சி," என்றேன். "வரிசைன்னா வரிசைதான்."